மாடி அறைச் சாமான்கள்

சிங்காநல்லூர்
12.4.2025

தம்பி ரூபனுக்கு,

நீயும் உன் மனைவியும் பையனும் மஸ்கட்டில் சுகமாக இருப்பதாகவே எடுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். இங்கே நானும் உன் அண்ணியும் சிமெண்ட் புழுதிக்கு நடுவே இருக்கிறோம். ஏப்ரல் பாதிகூட ஆகவில்லை, வெயில் நூறைத் தொட்டுவிட்டது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது சமாதானக் கடிதம் இல்லை. வீட்டில் வேலை நடக்கிறது. அது சம்பந்தமாக உன்னிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது. போனில் கேட்டிருக்கலாமே என்று நீ நினைக்கலாம். முப்பத்தொரு வருடம் ஊராருக்கெல்லாம் லைன் இழுத்துக் கொடுத்தவனுக்குப் போனில் பேசுகிற ஆசை தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

மகள் இளவேனிலுக்கு ஆறாவது மாதம். நான் சொல்லித்தான் இது உனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. அவள் உன்னோடு வாட்ஸ்அப்பில் பேசுவது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது என்று தாயும் மகளும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், நானும் அப்படியே விட்டுவிட்டேன். நீ மஸ்கட் போகும்போது அவளுக்கு ஆறு வயது. உன் தோளில் உட்கார்ந்து குளத்துக்கரை வரை போய் வந்தது அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறதாம். இப்போது பீளமேட்டில் கணவனோடு இருக்கிறாள், அங்கேயே ஐ.டி. கம்பெனியில் வேலை. பீளமேட்டிலிருந்து சிங்காநல்லூருக்கு என்ன பெரிய தூரம்? ஆனாலும் முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் என்று உன் அண்ணி ஒற்றைக்காலில் நிற்கிறாள். அதற்காகத்தான் இந்தக் கோடையில் வீட்டை இடிக்கவும் பூசவும் ஆரம்பித்தோம்.

இருபத்தெட்டு வருடத்து வீடு. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கையோடு வருகிறது. கக்கூஸை வெஸ்டர்னாக மாற்றத் தரையை உடைத்தார்கள், குழாய் துருப்பிடித்திருந்தது. குழாயை மாற்றச் சுவரை உடைத்தார்கள், சுவருக்குள் ஓதம். கொத்தனார் இரண்டு வாரம் என்றார், இது மூன்றாவது வாரம். சிறுவாணித் தண்ணீர் வருகிற நாளில்தான் அவருக்குச் சிமெண்ட் குழைக்கத் தோன்றும். நான் ஏதாவது கேட்டால் என்னைப் பார்க்காமல் உன் அண்ணியைப் பார்த்துப் பதில் சொல்கிறார். யாரிடம் சொன்னால் வேலை நடக்கும் என்று அவர் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

ஹாலுக்குப் பச்சை நிறம் அடிக்க வேண்டுமாம். இலைப் பச்சை. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் என்றேன். "ஏனுங்க, அஞ்சு வருசமா உங்க மூஞ்சியவே பாத்துட்டிருக்கறன், செவுராச்சும் பச்சையா இருக்கட்டுமுங்க" என்கிறாள். நாங்கள் இருவரும் ஒரே நாளில், ஒரே கட்டடத்திலிருந்து விருப்ப ஓய்வு வாங்கி வந்தவர்கள். பெயர்தான் விருப்பம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவள் ஆபரேட்டர், நான் லைன் பக்கம். ஷிப்ட் மாறி மாறி வந்ததால் வேலையில் இருந்த காலத்தில் ஒருவரை ஒருவர் அதிகம் பார்த்ததில்லை. சண்டைக்கும் நேரம் இருந்ததில்லை. அதையெல்லாம் சேர்த்து வைத்து இப்போது போட்டுக்கொண்டிருக்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். கீழ் அறை மகளுக்கும் குழந்தைக்கும். நாங்கள் இருவரும் மாடி அறைக்குப் போய்விடலாம் என்று முடிவு. அதாவது உன் அறைக்கு. அதில் உன் சாமான்கள் அப்படியே இருக்கின்றன. டிரங்குப் பெட்டி, பாலிடெக்னிக் டிராயிங் போர்டு, கால் ஆடும் இரும்புக் கட்டில், இரண்டு அட்டைப்பெட்டி நிறையப் புத்தகம். சாவி உன் அண்ணியிடம்தான் இருக்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் போய்ப் பெருக்கிவிட்டு வருவாள். நான் அந்தப் பக்கம் போவதில்லை. சாமான்களை என்ன செய்வது என்று நீ இந்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். நேரில் வந்து எடுத்துக்கொண்டாலும் சரி. பதில் இல்லையென்றால் எடைக்குப் போட்டுவிடுவேன்.

இவ்வளவு எழுதி நிறுத்தியிருக்கலாம். உன் அண்ணி எதிரில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டே நான் எத்தனை பக்கம் எழுதுகிறேன் என்று பார்க்கிறாள், அதற்காகவாவது இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன்.

அந்த அறை கட்டியபோது நீதான் தினமும் சுவருக்குத் தண்ணீர் ஊற்றினாய். காலையில் நான் பீளமேட்டு எக்ஸ்சேஞ்சுக்கு, நீ அங்கேயே பாலிடெக்னிக்குக்கு, ஒரே சைக்கிள். போகும்போது நான் மிதிப்பேன், வரும்போது நீ. கேரியரில் உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வருவாய். ஹோப் காலேஜ் திருப்பத்தில் டீக்கடைக்காரர் உன்னை "மோட்டார் வைண்டிங்" என்றே கூப்பிட்டார். வீட்டில் போன் அடித்தால் உன்னை முந்திக்கொண்டு யாரும் எடுக்க முடியாது. "வணக்கம், சிங்காநல்லூர், சொல்லுங்க" என்று அண்ணி மாதிரியே குரல் கொடுப்பாய்.

அப்பாவையும் நினைத்துக்கொள்கிறேன். கோபியிலிருந்து வாழைத்தாரோடு வருவார். வந்ததும் கால் கழுவிவிட்டு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். யாருக்கும் பேசுவதற்கில்லை, டயல் டோனைக் கேட்பதற்கு. "கொர்ருன்னு சத்தங் கேக்குது சாமி, ஆளு உள்ளதான் இருக்குதா?" என்று கேட்பார். நாம் சிரிப்போம். அவர் ஏன் அப்படிக் கேட்டுக்கொண்டே நின்றார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எண்பத்தொன்பதில் அம்மா கோவை ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சில் கிடந்தபோது, அவர் வேலை செய்த பண்ணையத்து வீட்டுக்குத்தான் நான் போன் செய்தேன். ஊரில் இருந்தது அந்த ஒரு போன்தான். "சொல்லிடறோம்" என்றார்கள். மாட்டுக்குத் தண்ணி காட்டி, வரப்பு வெட்டி, பொழுது சாய்ந்து கூலிக்கு அவர் வாசலில் வந்து நின்றபிறகுதான் உள்ளே இருந்தபடியே சொன்னார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வந்து சேர்ந்தபோது அம்மா முகத்தைத் துணி போட்டு மூடியிருந்தது. நம் வீட்டுக்கு ஒரு போன் வரும், அது ஒரு நாளும் பழுதாகாது என்று நான் அன்றைக்கு எடுத்த முடிவு. அந்த லைனை நானே இழுத்தேன். இன்றுவரை அது பழுதானதில்லை.

அதனால்தான் நீ சொன்னதை என்னால் பொறுக்க முடியவில்லை. 2004 மே மாதம், விடிகாலையில் அப்பா போனார். ஒன்பது மணிக்கு உன் கம்பெனிக்குப் போன் செய்து சொன்னேன். நீ சைட்டில் இருக்கிறாய், சொல்லிவிடுகிறோம் என்றார்கள். அதற்குப் பிறகு பகல் முழுக்க நான் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தரம் அல்ல, பத்துத் தரம் ரிசீவரை எடுத்துப் பார்த்தேன். டயல் டோன் இருந்தது. சாயங்காலம் உன் ஆபீசில் யாரும் எடுக்கவில்லை. மறுநாள் பன்னிரண்டு மணி வரை வைத்திருந்தோம். அந்த வெயிலில் அதற்கு மேல் முடியாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். என் கைப்பிடி மண்ணைப் போட்டேன், உன் கைப்பிடி மண்ணையும் நானே போட்டேன். நான்கு மணிக்கு நீ கொச்சியிலிருந்து டாக்சியில் வந்து இறங்குகிறாய். வருகிறேன், வைத்திருங்கள் என்று சொல்ல முதல் நாளே பதினோரு தடவை போன் செய்தாயாம், "ரிங் போயிட்டே இருந்துதுண்ணா, யாருமே எடுக்கல" என்றாய்.

டெலிபோன்காரன் வீட்டில் மணி அடித்து எடுக்காமல் விட்டோமா? பொய் சொல்வதற்கும் ஒரு அறிவு வேண்டாமா? அன்று எல்லோர் முன்னாலும் இதைத்தான் கேட்டேன். இன்றும் அதையேதான் கேட்பேன். நீ அண்ணி கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல், படி ஏறாமல், அதே பையோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாய்.

அந்த இரண்டு நாளும் நம் வீட்டுக்கு ஒரு போன்கூட வரவில்லை என்பதையும் நான் மறக்கவில்லை. என்னோடு வேலை பார்த்த ரங்கராஜ், லைன்களைச் சோதிக்கிற டெஸ்ட் டெஸ்கில் இருந்தவன், காதில் எப்போதும் போன். என் அப்பா செத்ததற்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினாறாம் நாள் வந்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு பதினைந்து வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தோம், வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. இப்போதும் குளத்துக்கரையில் காலை நடைக்கு எதிரே வருகிறான். நான் தண்ணீரைப் பார்த்துக்கொள்கிறேன்.

சாமான்களுக்கு மட்டும் பதில் எழுது. மாதக் கடைசி வரை பார்ப்பேன்.

இப்படிக்கு,
ஐ. தமிழ்ச்செல்வன்


சிங்காநல்லூர்
25.5.2025

என் அன்புத் தம்பி ரூபனுக்கு,

உனக்கும் லாஸ்யாவுக்கும் பையனுக்கும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போன கடிதத்தை நீ அன்றைக்கே கிழித்துப் போட்டிருந்தால் நல்லது. வைத்திருந்தால் இதைப் படித்த பிறகு கிழித்துவிடு.

வீட்டு வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. கக்கூஸ் தயார். பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டீல் கம்பியும் வைத்தாயிற்று, மகளுக்கு என்று சொல்லி வைத்தது, நான்தான் பிடித்துக்கொள்கிறேன். மொட்டை மாடிக்கு வெயில் தாங்கும் வெள்ளைப் பெயிண்ட் அடித்தோம். மத்தியானத்தில் ஏறினால் கண் கூசுகிறது, ஆனால் கீழே சூடு உண்மையிலேயே குறைந்திருக்கிறது. ஹாலுக்குப் பச்சைதான். ஆஸ்பத்திரி மாதிரி இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன். இளவேனிலுக்கு வளைகாப்பு போன வாரம் நடந்தது. ஐந்து வகைச் சோறு. கை நிறைய வளையலோடு வந்து, என்னிடம் கையை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனாள். ஆனி மாதக் கடைசியில் நாள் கொடுத்திருக்கிறார்கள்.

நீ எனக்குப் பதில் எழுதவில்லை. மகளிடம் சொல்லி அனுப்பினாய். எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடலாம், ஒன்றும் வேண்டாம், மாடி அறை ஒயரிங்கை மட்டும் கழற்ற வேண்டாம், அப்படியே மேலே பூசிவிடச் சொல் என்று. இருபத்தொரு வருடம் எட்டிப் பார்க்காதவனுக்கு என் வீட்டு ஒயரிங்கில் என்ன அக்கறை என்று எனக்கு எரிச்சல் வந்தது. என் குணம் உனக்குத் தெரியாதா? நீ வேண்டாம் என்று சொன்ன ஒரே காரணத்துக்காக, முதலில் அதைக் கழற்றச் சொல்லி எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன்.

சாஜித் என்று ஒருவர், உக்கடத்துக்காரர், நாற்பது வயது இருக்கும், கை சுத்தமான வேலைக்காரர். ஹாலில் பீரோவை நகர்த்தினார். பின்னால் சுவரில் அந்தச் சின்னப் பழுப்பு சுவிட்ச். மேலே "மேல்", கீழே "கீழ்" என்று என் கையெழுத்து, எனாமல் பெயிண்டில். பிராட்பேண்ட் வந்தபோது புது ஒயர் இழுத்துவிட்டதால் அதை மறந்தே போயிருந்தேன். "இது எதுக்குங்க சார்?" என்று கேட்டார்.

எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! உட்கார வைத்து விளக்கினேன். வீட்டுக்கார அம்மா நைட் டூட்டி பார்த்துவிட்டு வந்து பகலில் தூங்க வேண்டும். ஹாலில் மணி அடித்தால் தூக்கம் கெடும். அதனால் சுவிட்சை மேலே தள்ளினால் மணி மாடி அறையில் மட்டும் அடிக்கும், தம்பி அங்கே எடுத்துக்கொள்வான். மணி மட்டும்தான் மாறும், லைன் மாறாது. கீழே ரிசீவரை எடுத்தால் டயல் டோன் எப்போதும் போலக் கேட்கும். இதை டிபார்ட்மெண்டில்கூட யாரும் செய்ததில்லை, என் சொந்த யோசனை என்றேன்.

சாஜித் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சூப்பருங்க சார். ஆனா மேல ஆள் இல்லாத நேரத்துல யாராச்சும் இதத் தள்ளி விட்டுட்டா, கீழ இருக்கறவங்களுக்குப் போன் வந்ததே தெரியாதுங்களே?" என்றார்.

அப்படி யார் தள்ளப் போகிறார்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உன் அண்ணி டீ கொண்டு வந்தவள், தட்டைத் தரையில் வைத்துவிட்டு, ஜல்லி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன்.

சாவியை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன், இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு. கட்டிலுக்கு மேலே சுவரில் மணி அப்படியே இருந்தது. அதன் இரண்டு கிண்ணங்களையும் சுற்றி ஒரு காக்கித் துணி இறுக்கிக் கட்டியிருந்தது. உன் ஒர்க்ஷாப் சட்டையின் கை. சத்தம் படியிறங்கி வந்து அண்ணியை எழுப்பிவிடக் கூடாது என்று நீ கட்டியது. கதவைச் சாத்தினால் அந்த மணி அடிப்பது மொட்டை மாடியில் நிற்பவனுக்கே கேட்காது. கீழே தப்பு மேளச் சத்தத்துக்கும் ஒப்பாரிக்கும் நடுவே உட்கார்ந்திருந்தவனுக்கு எப்படிக் கேட்கும்?

பதினோரு தடவை. அந்தத் துணிக்குள் அது பதினோரு தடவை அடித்திருக்கிறது.

உன் அண்ணி அப்புறம் எல்லாம் சொன்னாள். கடைசி நாட்களில் அப்பாவை ஹாலில்தான் படுக்க வைத்திருந்தோம். நான் டூட்டிக்குப் போய்விடுவேன். போன் மணி அடிக்கும்போதெல்லாம் அவர் திடுக்கிட்டு, "வாரனுங்க சாமி, இதோ வந்துட்டனுங்க" என்று எழுந்து நிற்கப் பார்ப்பாராம். பண்ணையத்தில் கூப்பிடுகிறார்கள் என்று நினைப்பு. இரண்டு தடவை கட்டிலிலிருந்து விழப் பார்த்திருக்கிறார். அதைப் பார்க்க முடியாமல் அவள் சுவிட்சை மேலே தள்ளிவிட்டாள். இரண்டு நாளைக்கு என்றுதான் தள்ளினாளாம். அதற்குள் அவர் போய்விட்டார். யாருக்கு அது நினைவிருக்கும்?

நீ வந்து போன மறுநாள், அந்த மூலையைப் பெருக்கும்போது அவள் சுவிட்சைப் பார்த்திருக்கிறாள். கீழே தள்ளிவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லலை என்று கத்தினேன். கொத்தனார் சாரத்திலிருந்து இறங்கி வெளியே போய்விட்டார். அவள் என் முகத்தைப் பார்த்து, "நீங்க கேக்கற ஆளாங்க?" என்றாள். மூன்றே வார்த்தை. என் முப்பது வருடக் குடித்தனத்துக்கு அவள் எழுதிய ரிப்போர்ட் அது.

அதோடு விட்டிருந்தால்கூட அவள்மேல் கோபப்பட்டுக்கொண்டு இன்னும் பத்து வருடம் ஓட்டியிருப்பேன். ஆனால் அவள் உன்னிடம் அந்த வருடமே சொல்லிவிட்டாளாம். எக்ஸ்சேஞ்சிலிருந்தே மஸ்கட்டுக்குப் போட்டு அழுதிருக்கிறாள். நீ என்ன சொன்னாய் என்று அவள் உன் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். "அண்ணங்கிட்டச் சொல்லாதீங்கண்ணி. எம்மேல இருக்கற கோவம் தூரத்துல இருக்கும். உங்கமேல வந்தா ஊட்டுக்குள்ளயே இருக்கும்" என்றாயாம். இப்போது ஒயரிங்கைக் கழற்ற வேண்டாம் என்றதும் அதற்காகத்தானே? நீ அந்த சுவிட்சைச் சுவருக்குள் வைத்துப் பூசி, பொய்க்காரன் என்ற பெயரோடு மஸ்கட்டிலேயே இருந்துவிடத் தயாராக இருந்தாய்.

மறுநாள் காலை குளத்துக்கரையில் ரங்கராஜை நிறுத்தினேன். அவன் பயந்துபோனான். அன்றைக்கு எனக்குப் போன் செய்தாயா என்று கேட்டேன். எந்த அன்றைக்கு என்று அவன் கேட்கவே இல்லை. "ஏனுங்க தமிழு, மூணு தடவ போட்டனுங்க. ரிங் போவுது, எடுக்கல. துக்க ஊட்ல போனத் தொடக்கூடாதுன்னு இருக்கறாங்களாட்ட இருக்குதுன்னு விட்டுட்டன். அதுக்கா இத்தன வருசம் மூஞ்சியத் திருப்பிட்டுத் திரிஞ்சீங்க?" என்றான். பிறகு அவனே, "ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருந்தா டெஸ்ட் ரிங் உட்டிருப்பனே" என்றான்.

அதுதான், ரூபன். ஊரான் வீட்டில் போன் வரவில்லை என்று புகார் வந்தால் நான் முதலில் செய்வது அதைத்தான். டெஸ்ட் டெஸ்கைக் கூப்பிட்டு, இந்த நம்பருக்கு ஒரு மணி அடித்துப் பார் என்பேன். அரை நிமிட வேலை. டயல் டோன் இருந்தால் லைன் சரி என்று நினைப்பவன் லைன்மேனே இல்லை என்று புதுப் பையன்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். என் வீட்டு லைனை மட்டும் நான் சோதிக்கவில்லை. அது பழுதாகும் என்று நினைக்க எனக்கு மனமில்லை. தம்பி பொய் சொல்கிறான் என்று நினைப்பது அதைவிடச் சுலபமாக இருந்தது.

அம்மா விஷயத்தில் அப்பாவை வாசலில் நிற்க வைத்தவர்களை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. கோபிப் பக்கம் போனாலும் அந்தத் தெருவில் நடப்பதில்லை. அவர்களாவது தாமதமாகச் சேதி சொன்னார்கள். நான் உன்னை வாசலில் நிற்க வைத்துத் திட்டி அனுப்பினேன். இரண்டு தடவை, இரண்டு பேர் முகத்தையும் நீ பார்க்கவில்லை. அன்றைக்கு உனக்காக நான் போட்ட அந்தக் கைப்பிடி மண் உன்னுடையது. அதை எடுத்து உன் கையில் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுவேன்.

இதையெல்லாம் போனில் சொல்ல எனக்கு முகமில்லை. அதனால்தான் மறுபடி கடிதம். உன் அண்ணி இந்த முறை எதிரில் உட்கார்ந்து பக்கத்தை எண்ணவில்லை, சமையலறையில் இருக்கிறாள். அவளோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். முதல் இரண்டு நாள் கஷ்டமாக இருந்தது. மூன்றாம் நாள், அப்பா எழுந்து நிற்கப் பார்ப்பார் என்று அவள் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வீட்டில் இருந்திருந்தால் நானே அந்த சுவிட்சைத் தள்ளியிருப்பேன். அதை அவளிடம் சொன்னேன். மத்தியானம் எனக்குப் பிடிக்கும் என்று கொள்ளுப் பருப்பு கடைந்திருந்தாள்.

உன் சாமான்கள் எதையும் எடைக்குப் போடவில்லை. கட்டில் காலுக்கு வெல்டிங் வைத்தாயிற்று. டிராயிங் போர்டைத் துடைத்து ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். நாங்கள் மாடிக்குப் போகவில்லை, ஹாலில் ஒரு மறைப்புக் கட்டிப் படுத்துக்கொள்கிறோம். மாடி அறைக்கும் பச்சைதான் அடித்திருக்கிறோம், பெயிண்ட் மிச்சம் இருந்தது. ஜன்னலுக்குக் கொசுவலை புதிது. மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம்.

இனி இளவேனில் விஷயம். பிள்ளை பிறந்ததும் சேனை வைக்க வேண்டும். சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டு முதல் முதலாக நாக்கில் வைப்பவர் யாரோ, அவர் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்று நம் பக்கத்தில் சொல்வது உனக்குத் தெரியும். தாத்தாதான் வைக்க வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று இத்தனை நாள் சொல்லி வந்தவன் நான். ஆனாலும் ரூபன், என் குணம் அந்தக் குழந்தைக்கு வேண்டாம். நீ வந்து வை. லீவு எத்தனை நாள் கிடைக்கிறதோ அத்தனை நாள். லாஸ்யாவை நான் இதுவரை பார்த்ததில்லை, பையனையும் பார்த்ததில்லை. அந்த வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், அவர்களையும் கூட்டிக்கொண்டு வா.

எல்லோரும் லேண்ட்லைனை எடுத்துவிட்டார்கள். நான் எடுக்கவில்லை. டிபார்ட்மெண்ட் மேல் உள்ள மரியாதைக்காக என்று எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். கம்பி போய் ஃபைபர் வந்தது, எண் மட்டும் அதே பழைய எண். உனக்கு மறந்திருக்காது. சாஜித்திடம் சொல்லி அந்தப் பழைய மணியைக் கீழே கொண்டுவந்து ஹாலில் மாட்டியிருக்கிறேன். காக்கித் துணியை அண்ணி துவைத்து மடித்து உன் பெட்டியில் வைத்திருக்கிறாள். ரங்கராஜை விட்டு ஒரு டெஸ்ட் ரிங் கொடுக்கச் சொன்னேன். தெரு முனை வரை கேட்கிறதாம்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் ஒரு தடவை போடு. நீ எதுவும் பேச வேண்டியதில்லை. முதல் மணியிலேயே நான் எடுத்துவிடுவேன்.

நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அண்ணன்,
தமிழு